படித்திறன்

வலயப் பணிமனைக் கருத்தரங்கில்
தேநீருக்குச் சற்று முன்னர் சொன்னார்கள்:
வகுப்பறையைத் தலைகீழாக்குங்கள்,
வீட்டில் பாடம், பள்ளியில் பயிற்சி.
கதிரைகளைக் கவிழ்ப்பதல்ல என்று
ஒருவர் பகிடியும் விட்டார்.
சிரித்துவிட்டு வந்து, செய்துபார்த்தேன்.

இரவு பத்துக்கு மேல், நாய்கள் அடங்கிய பின்
குசினிச் சுவரில் பழைய கலண்டரைத் திருப்பி ஒட்டி
சீனிப் போத்தலில் போனைச் சாய்த்துவைத்து
பதினொரு நிமிடம் படித்திறன் படிப்பித்தேன்.
நேர்கோடு ஏறுவதை, இறங்குவதை,
ஏறாமலும் இறங்காமலும் கிடப்பதை.
நாலாம் நிமிடத்தில் பிரிட்ஜ் உறுமுகிறது.
ஏழாம் நிமிடத்தில் இவர் இருமுகிறார்.
கடைசியில் "விளங்கினதோ?" என்று கேட்டுவிட்டு
பழக்கதோஷத்தில் காத்திருந்திருக்கிறேன்,
சீனிப் போத்தலின் முகத்தைப் பார்த்தபடி.

செவ்வாய்க்கிழமை
சோக்கட்டியைத் தொடவேயில்லை.
பதினாறு வருடத்தில் முதல்தடவையாக
பாடம் முழுக்க வாங்குகளுக்கிடையே நடந்தேன்.
கடைசி வாங்கு என்று ஒன்று
எங்கே போனதென்று தெரியவில்லை.
தரம் எட்டிலிருந்து வாய்திறக்காத டிலுக்சிகா
கொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"ஒன்பது தரம் பார்த்தனான் மிஸ்.
ஒன்பதாம் தரம்தான் பிடிபட்டது."
ஒன்பது தரம் கேட்க
என் வகுப்பில் எவருக்குத் துணிவு வரும்?
இரண்டாம் தரமே நான் முகம் சுளித்திருப்பேன்.
போனுக்குள் இருப்பவள்
என்னைவிட நல்ல ஆசிரியை.

பாசையூர் றெனோல்டன் பார்க்கவில்லை.
வீட்டில் ஒரு போன்தான். அது
அப்பாவோடு தொழிலுக்குப் போகிறது,
பொலித்தீன் பைக்குள், இரண்டு முடிச்சோடு.
என் நேர்கோடு அன்றிரவு முழுக்க
இறால் வலைகளுக்கு மேலே
நனையாமல் மிதந்துவிட்டுத் திரும்பியது.

கஜீபனும் பார்க்கவில்லை. அவனுக்கு மூன்று டியூட்டரி.
அவன் நித்திரையில் மிச்சமிருந்ததிலும்
பதினொரு நிமிடம் கடன் கேட்டிருக்கிறேன்.
பார்த்தவர்களிலும் மூன்று பேர்
இரட்டை வேகத்தில் ஓடவிட்டார்களாம்.
"அணில் மாதிரிக் கதைக்கிறியள் மிஸ்."

பார்க்காத ஆறுபேரை மூலையில் இருத்தி
என் போனைக் கொடுத்தேன்.
ஆறு தலைகள் ஒரு திரைக்கு மேல் கவிந்தன.
மூன்றடி தூரத்தில் நான் உயிரோடு நிற்க
என்னைக் குனிந்து தேடினார்கள்.
வெட்கமாக இருந்தது, ஏனென்று தெரியாமல்.

அதற்குள் றெனோல்டன் நிமிர்ந்தான்.
"எங்கட கரையில நூறு பாகம் நடந்தாலும்
தண்ணி அரைப் பாகந்தான் மிஸ்.
அதுக்கும் படித்திறன் இருக்கோ?"
ஓம், கொஞ்சம், என்றேன்.
"கொஞ்சமெண்டா எவ்வளவு?"
பென்சில்கள் ஓடின. சண்டையே வந்தது.
கீழே இறங்கினால் சயமா, எங்கே நின்று பார்ப்பது,
பெருக்கிலா வற்றிலா என்று.
"இருநூறில ஒன்று," என்றாள் டிலுக்சிகா, உரத்து.

பணிமனைப் படிவத்தில் இரண்டு நிரல்.
நன்மைகள். தீமைகள்.
வீடியோ பார்க்காதவன் கேட்ட கேள்வியை
எந்த நிரலில் போடுவது?
நான் கரும்பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால்
அவன் கேட்டிருக்கவே மாட்டான்.
அவனிடம் ஒரு போன் இருந்திருந்தாலும்
ஒருவேளை கேட்டிருக்க மாட்டான்.
படிவம் இன்னும் மேசையில் கிடக்கிறது,
அதன்மேல் சீனிப் போத்தல்.

அடுத்த பாடத்தை ஆறு நிமிடமாகக் குறைத்திருக்கிறேன்,
டேட்டாவை நினைத்து.
பழையதை, எதற்கும் இருக்கட்டுமென்று,
றெனோல்டனின் அப்பாவுக்கு அனுப்பினேன்.
விடியப்புறம் மூன்று பத்துக்கு
இரண்டு சரிக்குறிகள் நீலமாயின.
பிறகு காற்றும் இயந்திரமும் இரைய
ஒரு குரல் வந்தது:

"ரீச்சர், கோடு வடிவா விளங்கினது.
உதில இருமுறது ஆர்?
கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ."